நடந்த குழந்தை நடை மறந்தால்: அரிய மரபுவழி மூளைச் சிதைவு நோயைக் கண்டறியும் வழி

என் மகள் ஒன்றரை வயதில் தரையில் சிந்திய பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்பாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பொரியைப் பிடிக்கும். வாய்க்குக் கொண்டுபோகும் முன் அதை ஒரு முறை பார்த்துக்கொள்வாள். இரண்டேகால் வயதில் அதே பொரியை உள்ளங்கையால் அள்ளினாள். வாய்க்குப் போகும் வழியில் பாதி சிந்தியது. பசி அதிகம் போலிருக்கிறது என்று வீட்டில் சிரித்தோம். விரல்கள் மறந்துவிட்டன என்பது யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு ஏழு மாதம் முன்பே அவள் நடக்கும்போது அடிக்கடி விழத் தொடங்கியிருந்தாள். நோயின் பெயர் எங்களுக்குத் தெரிந்தபோது அவளுக்கு மூன்றரை வயது.

மெட்டாக்ரோமாட்டிக் லியூகோடிஸ்ட்ரோஃபி என்பது அந்தப் பெயர். மூளையின் வெண்பகுதியில் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறை அழிந்துகொண்டே போகும் நோய். நான் மருத்துவன் அல்ல. பென்னாகரம் பக்கத்து ஊர்க்காரன். அவள் போன பிறகு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதே போன்ற சந்தேகத்தோடு அலையும் குடும்பங்களோடு ஆஸ்பத்திரிகளுக்குத் துணைக்குப் போய்வருகிறேன். எந்த வரிசையில் போனால் மாதங்கள் வீணாகாது என்பதை அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். மருந்து, அளவு எல்லாம் மருத்துவர் சொல்வதே.

முதலில் ஒரு கேள்வி: தாமதமா, இழப்பா?

மருத்துவர் முன் உட்கார்ந்ததும் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் பெரிய வேலை செய்யும். "பிள்ளை சரியாக நடக்கவில்லை" என்றால் சீட்டில் 'வளர்ச்சித் தாமதம்' என்று எழுதி, சத்து டானிக்கும் பயிற்சியும் கொடுத்து ஆறு மாதம் கழித்து வரச் சொல்வார்கள். "14 மாதத்தில் தனியாக நடந்தாள், 20 மாதத்தில் விழ ஆரம்பித்தாள், இப்போது பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள்" என்றால் அது வேறு நோய்க்கூட்டம். வந்த திறமை போவதை மருத்துவர்கள் பின்னடைவு என்கிறார்கள். அந்தச் சொல்லை நீங்களே சொல்லுங்கள்.

எங்களுக்கு முதலில் கிடைத்த பெயர் மூளை முடக்குவாதம். அது பெரும்பாலும் பிறப்பை ஒட்டி மூளைக்கு நேர்ந்த பாதிப்பால் வருவது; குழந்தை மெதுவாகக் கற்கும், ஆனால் கற்றதை மாதத்துக்கு மாதம் தொலைத்துக்கொண்டே போகாது. பிரசவம் சுகம், பிறந்ததும் அழுதாள், ஒரு வயது வரை எல்லாம் சரி என்னும் குழந்தைக்கு இந்தப் பெயரைச் சொன்னால், ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள். ஆட்டிசத்திலும் சில குழந்தைகள் ஒன்றரை வயதை ஒட்டிப் பேசிய சொற்களை இழப்பதுண்டு. நடையும் உட்காரும் திறனும் சேர்ந்து போனால் ஆட்டிசம் என்ற விளக்கம் போதாது.

காய்ச்சலுக்குப் பிறகு சோர்ந்த குழந்தை சில நாள் நடக்க மறுப்பது வழக்கம்தான். இரண்டு மூன்று வாரத்தில் பழையபடி திரும்பவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். இந்த நோய்கள் பல நேரம் ஒரு காய்ச்சலை அடுத்துத்தான் வெளியே தெரியும். 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் தடுப்பூசிகளும் அதே வயதில் வருவதால், ஊசிதான் காரணம் என்று பல வீடுகளில் பழி அதன்மேல் போகிறது. நோய் கரு உருவானபோதே மரபணுவில் இருந்தது. ஊசி மேல் பழி போட்டு அடுத்த குழந்தைக்குத் தட்டம்மை ஊசியை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வயதும் துப்புக் கொடுக்கும். ஆறு மாதத்துக்குள் ஓயாத அழுகை, உடல் விறைப்பு, தொற்று இல்லாத காய்ச்சல் என்றால் கிராபே நோயை நினைப்பார்கள். சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போட்டு, பார்வை நிலைகொள்ளாமல் போனால் டே-சாக்ஸ், சாண்ட்ஹாஃப், ஜி.எம்.1. இரண்டு வயதுக்குள் நடை தள்ளாடினால் என் மகளுக்கு வந்தது. பேச்சு பிந்தி, மூன்று வயதை ஒட்டி வலிப்பு தொடங்கிப் பிறகு நடை போனால் பேட்டன் நோயின் சி.எல்.என்.2 வகை. பள்ளிக்குப் போகும் பையன் படிப்பில் திடீரென்று சரிந்து, தோலும் கறுத்தால் அட்ரினோ லியூகோடிஸ்ட்ரோஃபி. இவை திசை காட்டுபவை மட்டுமே. இந்தப் பத்தியை வைத்து வீட்டிலேயே முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

40 பக்க நோட்டு, நான்கு வீடியோ

ஒரு நோட்டு வாங்குங்கள். இடப்பக்கத்தில் வந்தவை: தலை நின்றது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, நடந்தது, முதல் சொல். வலப்பக்கத்தில் போனவை. தேதி நினைவில்லை என்றால் ஊர்க் கணக்கில் தேடுங்கள். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனபோது நடந்தாளா, தூக்கிக்கொண்டு போனோமா? மாங்காய் சீசனில் தோட்டத்தில் ஓடினானா? பொங்கலுக்குப் பாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டானா? என் மனைவிக்கு மாதம் ஒன்றும் நினைவில்லை. ஆனால் தன் தம்பி கல்யாணத்தில் மகள் மணவறைப் படியை நிலையைப் பிடித்தபடி தானாக ஏறியது நினைவிருந்தது. கல்யாணப் பத்திரிகையில் தேதி இருந்தது. அப்படித்தான் எங்கள் நோட்டு நிரம்பியது.

பழைய கைபேசி வீடியோக்களை அழிக்காதீர்கள். பிறந்தநாள், மொட்டையடிப்பு, காதுகுத்து எதுவாக இருந்தாலும் அது சாட்சி. புதிதாக எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில், முழங்கால் தெரியும் உடையில், முழு உடலும் சட்டத்துக்குள் வருமாறு எடுங்கள். நம்மை நோக்கி நடப்பது, விலகி நடப்பது, தரையிலிருந்து எழுவது, சிறு பொருளைப் பொறுக்குவது என நான்கு துண்டு போதும். மாதம் ஒரு முறை அதே இடத்தில், அதே நான்கு துண்டு. வலிப்பு வந்தால் ஒருவர் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்கட்டும், இன்னொருவர் எடுக்கட்டும். புறநோயாளிப் பிரிவில் குழந்தை அழுதுகொண்டு காலை மடக்கிக்கொள்ளும்; மருத்துவருக்கு வீட்டு நடையைக் காட்ட வேறு வழி கிடையாது.

தலைச்சுற்றளவை அளந்து எழுதச் சொல்லுங்கள். பிறக்கும்போது ஏறக்குறைய 35 செ.மீ., ஒரு வயதில் 46 செ.மீ. அளவில் இருக்கும். கேனவன், அலெக்சாண்டர் போன்ற சில நோய்களில் தலை வேகமாகப் பெரிதாகும். வேறு சிலவற்றில் வளர்ச்சி நின்றுவிடும். தாய் சேய் நல அட்டையில் எடைக் கோடு இருக்கும், தலை அளவு பல நேரம் இருக்காது. ஒரு டேப்பும் அரை நிமிடமும் போதும் என்பதால் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

குடும்ப மரம்: இதைப் பெரியவர்களை உட்காரவைத்து எழுதுங்கள்

நான் மணந்தது என் அக்காள் மகளை. நம் பக்கத்தில் இது புதிதல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவையாகவே பதிவாகின. "சொந்தத்தில் கட்டியதா?" என்று மருத்துவர் கேட்டால் அதைக் குற்ற விசாரணையாக எடுத்துக்கொண்டு மறைப்பவர்கள் இருக்கிறார்கள். மறைத்தால் இழப்பு நமக்கே. மேலே சொன்ன நோய்களில் பெரும்பாலானவை தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் வரும். இருவரும் நலமாக இருப்பார்கள்; தங்களிடம் ஒரு பழுதான பிரதி இருப்பதே தெரியாது. உறவுக்குள் மணந்தால் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து அதே பிரதி இரு பக்கமும் வந்து சேர வாய்ப்பு கூடுகிறது. உறவில்லாத தம்பதிக்கும் இது வரும். ஆகவே "நாங்கள் அசல்" என்பதை வைத்து மருத்துவரும் நோயை ஒதுக்கிவிடக் கூடாது.

மூன்று தலைமுறைக்கு வட்டமும் சதுரமுமாக வரையுங்கள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், உறவு மணத்துக்கு இரட்டைக் கோடு. பெயர் வைக்கும் முன்பே போன குழந்தைகளை விட்டுவிடாதீர்கள். என் அம்மா நான்கு முறை கேட்டும் சொல்லாத ஒன்றை ஐந்தாம் முறை சொன்னார்: அவருடைய சின்னம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் "கால் விழுந்து" மூன்று நான்கு வயதில் போனார்கள், அப்போது இளம்பிள்ளைவாதம் என்று சொன்னார்கள். இளம்பிள்ளைவாதம் திடீரென்று வந்து பிறகு அப்படியே நிற்கும். மெல்ல மெல்லப் பேச்சையும் பார்வையையும் எடுத்துக்கொள்ளாது. அந்த ஒரு தகவல் பெங்களூரில் மருத்துவரின் பேனாவை நிறுத்தியது.

பையன்களுக்கு மட்டும், அதுவும் தாய் வழி மாமன்மார்களுக்கு, இப்படி நேர்ந்திருந்தால் அதைத் தனியாகக் குறியுங்கள். அட்ரினோ லியூகோடிஸ்ட்ரோஃபி தாய் வழியில் வருவது.

மரம் எழுதும் நாளில் வீட்டில் சண்டை வரலாம். பழி மருமகள் தலையில்தான் முதலில் விழும். இரண்டு பிரதியில் ஒன்று மகன் கொடுத்தது என்பதை அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னும் சொல்லுங்கள்.

ஊரில் தொடங்கும் வாசல்

அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வரும் ஆர்.பி.எஸ்.கே. என்னும் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டலாம். 2013-இல் தொடங்கிய இந்தத் திட்டம் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறது. வளர்ச்சிக் குறைபாடு அதன் நான்கு இலக்குகளில் ஒன்று. அவர்கள் சீட்டு எழுதி மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். குழு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி நேரே தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போகலாம்.

அங்கே கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அடுத்த தலைப்பில் வரும் இரத்தப் பரிசோதனைகள். இன்னொன்று, பின்னடைவு என்று தெளிவாக எழுதப்பட்ட பரிந்துரைக் கடிதம். தாயத்தும் மந்திரிப்பும் வீட்டுப் பெரியவர்களின் ஆறுதலுக்கு என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளைத் தள்ளிப்போட விடமாட்டேன்.

சரிசெய்யக் கூடியதை முதலில் தேடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேராக ஸ்கேனுக்கும் மரபணுவுக்கும் போகிறவர்கள் அதிகம். எனக்கு இதில்தான் மிகுந்த ஆதங்கம். சில பின்னடைவுகள் திரும்பக் கூடியவை.

பி12 குறைவு அவற்றில் முதல். பால், முட்டை, கறி அதிகம் சாப்பிடாத தாயின் பாலை மட்டும் குடித்து வளரும் குழந்தை, எட்டு பத்து மாதத்தில் சிரிப்பை மறக்கும், தலை சாயும், கை நடுங்கும். விரல் முட்டிகள் கறுத்து, முடி செம்பட்டையாகி அடர்த்தி குறையும். ஊசி போட்டால் குழந்தை மீண்டு வருவதை உறவினர் வீட்டில் பார்த்தேன்; பத்தாவது நாள் அவன் அம்மாவின் முகத்தைத் தேடிச் சிரித்தான்.

பயோட்டினிடேஸ் குறைபாடு இன்னொன்று. வலிப்பு, தோல் தடிப்பு, முடி உதிர்தல், காது மந்தம். பயோட்டின் என்னும் வைட்டமினைத் தொடர்ந்து கொடுத்தால் குழந்தை வளரும். தாமதித்தால் போன செவித்திறனும் பார்வையும் பெரும்பாலும் திரும்பாது. குளூட்டாரிக் அசிடீமியா முதல் வகையில், பெரிய தலையோடு நன்றாக இருந்த குழந்தை ஒரு காய்ச்சலில் திடீரென்று உடல் முறுக்கிக்கொள்ளும். உணவு முறையாலும் காய்ச்சல் நாள் கவனிப்பாலும் பாதிப்பைத் தடுக்க முடியும். தைராய்டையும் பாருங்கள். தட்டம்மை வந்து சில ஆண்டுகள் கழித்து உடல் வெட்டி வெட்டி இழுத்து, படிப்பு மறந்தால் அது எஸ்.எஸ்.பி.இ. என்னும், தட்டம்மைக் கிருமியால் வரும் மூளை அழற்சி; மரபு நோயல்ல, ஆனால் அப்படித் தோற்றம் காட்டும்.

ஆகவே கேட்க வேண்டிய பரிசோதனைகள்: இரத்த அணு எண்ணிக்கை, பி12, தைராய்டு, சர்க்கரை, கல்லீரல், லாக்டேட், அம்மோனியா, பயோட்டினிடேஸ், காய்ந்த இரத்தப் பொட்டில் செய்யும் டாண்டம் மாஸ் பரிசோதனை, சிறுநீரில் கரிம அமிலங்கள். அம்மோனியாவுக்கு எடுத்த இரத்தம் பனிக்கட்டியில் வைத்து உடனே ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஒரு மணி நேரம் மேசையில் கிடந்தால் பொய்யாக உயர்ந்த எண் வரும்.

வலிப்பு மருந்து பற்றி ஒரு வார்த்தை. மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் பகுதி) நோய் என்ற சந்தேகம் இருக்கும் குழந்தைக்கு வால்ப்ரோயேட் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக் கூடும். அந்த மருந்து ஏற்கெனவே கொடுக்கப்பட்டால் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்; நீங்களாக நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் வரலாம்.

சுத்தியல், கண், நரம்பு, ஸ்கேன்

நரம்பியல் மருத்துவர் குழந்தையின் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டுவார். மூளை பாதிக்கப்பட்டு விறைத்த கால் பொதுவாகத் துள்ளும். என் மகளின் கால் விறைப்பாக இருந்தது, தட்டினால் அசையவில்லை. மூன்று முறை தட்டிவிட்டு மருத்துவர் என் முகத்தைப் பார்த்தார். மூளையின் வெண்பகுதியும் உடல் நரம்புகளும் ஒருசேரக் கெட்டால் இப்படி ஆகும். மெட்டாக்ரோமாட்டிக்கும் கிராபேயும் அப்படிப்பட்டவை. கால் நரம்பில் சிறு மின்துடிப்பு விட்டு வேகம் பார்க்கும் சோதனை அதை உறுதி செய்தது. குழந்தை அழும், ஆனால் ஆபத்தில்லாதது.

கண் மருத்துவரிடம் சொட்டு மருந்து விட்டு விழித்திரையை முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். டே-சாக்ஸ் குடும்பத்து நோய்களில் நடுவில் செர்ரிப் பழம் போல ஒரு சிவந்த புள்ளி தெரியும். கண்ணாடி தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டால் அது போதாது. காது கேட்கும் நரம்புப் பரிசோதனையும் அப்போதே முடித்துவிடலாம். வயிற்றில் கல்லீரல், மண்ணீரல் பெருத்திருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். நீமன்-பிக், காஷே போன்றவற்றில் அதுவே வழிகாட்டும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது குழந்தை அசையாமலிருக்க மயக்க மருந்து தருவார்கள். வழக்கமாகத் திட உணவும் மாட்டுப் பாலும் ஆறு மணி நேரம், தாய்ப்பால் நான்கு மணி நேரம், தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். அரூரிலிருந்து அதிகாலை பஸ் ஏறி வரும் அம்மா வழியில் பிஸ்கெட் கொடுத்துவிட்டால் அன்றைய ஸ்கேன் போயிற்று. காலை வலிப்பு மாத்திரையைக் கொடுக்கலாமா என்பதை முதல் நாளே கேளுங்கள். பெரும்பாலும் சிறிது தண்ணீரோடு கொடுக்கச் சொல்வார்கள். மூளையிலுள்ள வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோபியும் சேர்த்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கேனவன் நோயில் அது மட்டுமே பாதி விடை சொல்லிவிடும். ஃபிலிம் மட்டும் வாங்காமல் குறுந்தகடு அல்லது கணினிக் கோப்பாகவும் வாங்குங்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் ஃபிலிமைக் கண்டு உதடு பிதுக்குவார்கள், மறுபடி மயக்கம், மறுபடி பட்டினி.

இரண்டு வயது வரை மயலின் உறை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும். அந்த வயதுக்குள் எடுத்த ஸ்கேன் "கிட்டத்தட்ட இயல்பு" என்று வந்து, குழந்தை தொடர்ந்து இழந்துகொண்டே போனால், ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். எங்களுக்கு முதல் ஸ்கேன் அப்படித்தான் வந்தது. அந்த அறிக்கையை நம்பி ஓராண்டு வீட்டிலிருந்தோம்.

நொதிப் பரிசோதனை: குழாயைப் பின்தொடருங்கள்

ஸ்கேன் ஒரு கூட்டத்தைக் காட்டும். நொதி ஆளைக் காட்டும். இந்த நோய்களில் பல, செல்லுக்குள் கழிவை உடைக்கும் ஒரு நொதி இல்லாததால் வருபவை. மெட்டாக்ரோமாட்டிக்கில் அரில்சல்ஃபடேஸ் ஏ, கிராபேயில் காலக்டோசெரிப்ரோசிடேஸ், டே-சாக்ஸில் ஹெக்சோசமினிடேஸ் ஏ, சி.எல்.என்.2-இல் டி.பி.பி.1.

பல நொதிகளை வெள்ளையணுக்களில்தான் அளக்க வேண்டும். அந்த அணுக்கள் குழாய்க்குள் உயிரோடு ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், பொதுவாக ஓரிரு நாளுக்குள். எங்கள் முதல் மாதிரியை ஒரு சேகரிப்பு மையம் சனிக்கிழமை மாலை எடுத்தது. ஞாயிறு முழுக்க அங்கேயே கிடந்து, செவ்வாய்க்கிழமைதான் பெரிய ஊர் ஆய்வகத்தை அடைந்தது. "மாதிரி தகுதியற்றது" என்று 12 நாள் கழித்துச் சொன்னார்கள். மறுபடி அவளுடைய புறங்கையில் நரம்பு தேடி நான்கு இடத்தில் குத்தினார்கள்.

அதனால் திங்கள் முதல் புதன் வரை காலையில் மட்டும் கொடுங்கள். எந்த நிற மூடிக் குழாய் என்று ஆய்வகத்திடமே கேளுங்கள். நொதிக்குப் பெரும்பாலும் பச்சை மூடி ஹெபாரின் குழாய், மரபணுவுக்கு ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாய். ஒரே குத்தில் இரண்டும் எடுத்துக்கொள்ளலாம். இரத்தம் உறையக் கூடாது, வெயிலில் கொதிக்கவும் கூடாது. தொப்பூர்க் கணவாயில் மே மாதத்தில் பஸ் நின்றால் டிபன் கேரியரே கொதிக்கும். குழந்தைக்கு அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். ஏற்றிய இரத்தத்தின் நொதி கணக்கைக் குழப்பும்.

நொதி குறைவு என்று வந்தாலே நோய் உறுதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. அரில்சல்ஃபடேஸ் ஏ பலருக்கு இயல்பிலேயே குறைவாக இருக்கும், அவர்கள் நோயின்றி வாழ்வார்கள். போலிக் குறைபாடு என்பார்கள். அதனால் சிறுநீரில் சல்ஃபடைடும் (அந்த நொதி உடைக்க வேண்டிய கொழுப்பு) மரபணுவும் சேர்த்துப் பார்த்த பிறகே பெயர் உறுதியாகும்.

மரபணு அறிக்கையைப் படிப்பது

எக்ஸோம் பரிசோதனை ஏறக்குறைய 20,000 மரபணுக்களின் புரதம் எழுதும் பகுதியைப் படிக்கிறது. அது கேள்விக்கு விடை சொல்லும் கருவி. கேள்வி இல்லாமல் கொடுத்தால் குழப்பமே மிஞ்சும். உங்கள் நோட்டின் சுருக்கமும் ஸ்கேன் அறிக்கையும் குடும்ப மரமும் மாதிரியோடு போகட்டும்.

அறிக்கையில் கண்ட மாற்றத்துக்குப் பக்கத்தில் ஒரு வகைப்பாடு இருக்கும். நோய் உண்டாக்குவது, உண்டாக்க வாய்ப்புள்ளது, பொருள் தெளிவற்றது என்பவை முக்கியம். பொருள் தெளிவற்ற மாற்றத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த கர்ப்பத்தைப் பற்றி முடிவெடுக்காதீர்கள். தாய் தந்தை இரத்தத்தில் அதே மாற்றம் ஒவ்வொரு பிரதி இருக்கிறதா என்று பார்த்து, நொதியோடு பொருத்தினால் தெளிவு கூடும். உறவு மணத்துக் குழந்தைகளில் இரு பிரதியிலும் ஒரே மாற்றம் வருவது வழக்கம்.

"ஒன்றும் இல்லை" என்று வந்தால் கதை முடியவில்லை. முதுகுத்தண்டுத் தசை நலிவு நோயில் எஸ்.எம்.என்.1 மரபணுவின் ஒரு துண்டே இல்லாமல் போயிருக்கும், எக்ஸோமில் அது தவறிப்போகலாம், அதற்கு எம்.எல்.பி.ஏ. என்ற தனிப் பரிசோதனை உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த மரபணுவையும் எக்ஸோம் பொதுவாக முழுதாகப் படிப்பதில்லை. ஓராண்டு கழித்து அதே தரவை மறுபடி அலசச் சொல்லலாம். புதிய மரபணுக்கள் அடையாளம் கண்டபடியே இருக்கின்றன.

எங்கே போவது

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மக்களுக்குப் பெங்களூர் அருகு. நிம்ஹான்ஸ் என்னும் மனநல, நரம்பியல் மருத்துவமனை ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. கன்னடமும் தெலுங்கும் பேசும் நம் எல்லைக் குடும்பங்களுக்கு மொழியும் தடையாகாது. ஊத்தங்கரை, பர்கூர்ப் பக்கத்தவர்கள் வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறார்கள், அங்கே மரபியல் பிரிவு இருக்கிறது. அரசு வழியில் வேண்டுவோர் மொரப்பூரில் ரயில் ஏறிச் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போகலாம்.

2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி உயர் மையங்களாக அறிவிக்கப்பட்டவற்றில் எழும்பூர் மருத்துவமனையும், பெங்களூரில் மனித மரபியல் மையத்தோடு சேர்ந்த இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையும் உண்டு. பட்டியலிலுள்ள நோய்களுக்கு ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அதை இந்த மையங்கள் வழியாகத்தான் கேட்க முடியும், ஆகவே பெயர் உறுதியானதும் அங்கே பதிவு செய்துகொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எந்தப் பரிசோதனை வரும், வராது என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டால் பணத்துக்கு அலைவது குறையும்.

குழந்தை கைவிட்டுப் போகும் முன்

எழுதக் கை தயங்கும் பகுதி இது. சில குழந்தைகள் விடை வரும் முன்பே போய்விடுகிறார்கள். இரண்டாவது குழந்தைக்கும் அதே நோய் வந்து, முதல் குழந்தையின் ஒரு சொட்டு இரத்தம்கூட எங்கும் இல்லாமல் தவித்த ஒரு குடும்பத்தோடு பாலக்கோட்டிலிருந்து பெங்களூர் வரை பயணம் செய்திருக்கிறேன். குழந்தை மோசமாகிறது என்று தெரிந்தால், மரபணுவைப் பிரித்துச் சேமித்து வைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஊதா மூடிக் குழாயில் சில மில்லி இரத்தம் போதும். வடிதாளில் காயவைத்த இரத்தப் பொட்டுகளையும், சில நேரம் தோலில் ஒரு சிறு துண்டையும் எடுத்து வைப்பார்கள். அந்த நேரத்தில் இதைக் கேட்பது கல்நெஞ்சமாகத் தோன்றும். கேளுங்கள்.

பெயர் கிடைத்த பின்

சில பெயர்களுக்கு மருந்து இருக்கிறது. சி.எல்.என்.2-க்கு மூளைக்குள் செலுத்தும் செர்லிபோனேஸ் ஆல்ஃபா 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அட்ரினோ லியூகோடிஸ்ட்ரோஃபியில் மிகத் தொடக்கத்தில் எலும்பு மஜ்ஜை மாற்றம் பயன் தரும். மெட்டாக்ரோமாட்டிக்குக்கு மரபணுச் சிகிச்சை 2020-இல் ஐரோப்பாவிலும் 2024-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. குழந்தைப் பருவ வகையில் அறிகுறி தோன்றும் முன்பே கொடுக்க வேண்டும். விலை பல கோடி. என் மகளுக்கு எதுவும் இல்லை. ஆனால் பெயர் தெரிந்த அன்று அலைச்சல் நின்றது. விழுங்குவதில் சிரமம் வரும் என்று முன்பே தெரிந்ததால், கேழ்வரகுக் கூழை எந்தப் பதத்தில், எந்தச் சாய்வில் ஊட்டுவது என்று கற்றுக்கொண்டோம். கால் முறுக்குக்கு மருந்து, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் அந்தப் பெயரிலிருந்து வந்தவை. 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் வலி தணிப்புக் கவனிப்பும் வீட்டுக்கே வருகின்றன. செவிலியரிடம் பெயரைப் பதியச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் அப்போதே விண்ணப்பியுங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், ஓடியாடி விளையாடினாலும், உடனே பரிசோதியுங்கள். சிகிச்சை பலிக்கும் காலம் அறிகுறி வருவதற்கு முந்தைய காலம்தான்.

தாய் தந்தை இருவரிடமும் ஒரு பழுதான பிரதி இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒன்று போனதால் அடுத்த மூன்றும் நலம் என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் சீட்டுப் புதிதாகக் குலுக்கப்படுகிறது. குடும்பத்தின் மரபணு மாற்றம் உறுதியாகத் தெரிந்திருந்தால் 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுத் திசுவிலிருந்தோ, 16-ஆம் வாரத்தை ஒட்டிப் பனிக்குட நீரிலிருந்தோ கருவைப் பரிசோதிக்கலாம். இது சட்டப்படி பதிவுபெற்ற மையங்களில் நடப்பது. பாலினம் சொல்வதற்கும் இதற்கும் தொடர்பில்லை, அதைக் கேட்கவும் கூடாது. மாதவிடாய் தள்ளிய வாரமே மரபியல் பிரிவுக்குத் தெரியப்படுத்துங்கள். ஐந்தாம் மாதம் வளைகாப்பு முடிந்து போவோம் என்று இருந்தால் சட்டமும் உடலும் தரும் அவகாசம் சுருங்கிவிடும்.

எங்கள் இரண்டாவது கர்ப்பத்தில் 12-ஆம் வாரத்தில் ஊசியால் நஞ்சுத் திசு எடுத்தார்கள். 17 நாள் காத்திருந்தோம். இரண்டாவது மகளிடம் ஒரு பிரதி மட்டும் பழுது, நலமாக இருக்கிறாள். அவளுக்கு இப்போது நான்கு வயது. என் அக்காளின் இளைய மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது, அத்தை மகளைத்தான் கட்டுவேன் என்று அவன் நின்றான். சண்டை போடவில்லை. இருவரையும் வேலூருக்குக் கூட்டிப்போய் அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் இரத்தம் கொடுக்க வைத்தோம். எந்த மாற்றம் என்று முதல் மகளின் அறிக்கையில் எழுதியிருந்ததால் தேட வேண்டியதே இல்லை. அந்த அறிக்கையை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அக்காள் வீட்டு அலமாரியில் நிலப் பத்திரங்களோடு வைத்திருக்கிறோம்.